கீறல் விழுந்த அலாய் வீலை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

காரை ஓரங்கட்டும்போது நடைபாதையின் விளிம்புக் கல்லில் சக்கரம் உரசினால், ரிம்மின் வெளிவட்டத்தில் பெயிண்ட் உரிந்து அலுமினியம் பிசிறு பிசிறாக வெளியே தெரியும். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு இது முடிவதில்லை. மேற்பூச்சு உடைந்த இடத்தின் வழியாக ஈரமும் உப்பும் உள்ளே இறங்கும். பிறகு பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே அரிப்பு வெண்ணிற இழைகளாகப் பரவி, நல்ல பெயிண்டையும் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஆகவே சிராய்ப்பு சிறியதாக இருக்கும்போதே கைவைப்பது நல்லது.

பழக்கமில்லாதவரும் இரண்டு விடுமுறை நாட்களில் இதை முடிக்கலாம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பது மிகச் சிறிய பகுதி. தேய்ப்பதும் துடைப்பதும் காத்திருப்பதும்தான் வேலையே. கடையில் செய்ததுபோல வருமா வராதா என்பது பிரைமர் (அடிப்பூச்சு) டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

எந்த வீலைத் தொடக் கூடாது?

விரிசல் விட்ட வீல், வளைந்த வீல், விளிம்பில் துண்டு உடைந்து போன வீல், மெதுவாகக் காற்று இறங்கும் வீல் இவை எதையும் வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். வேகம் கூடும்போது ஸ்டியரிங் அதிர்ந்தாலும் முதலில் நிபுணரிடம் காட்டுங்கள். விரிசலின் மேல் பட்டி பூசினால் ஆபத்து மறைகிறதே தவிர, குறைவதில்லை. வளைவை நிமிர்த்தச் சூடு காட்டுவதும் கூடாது. அலாய் வீலின் வலிமை தொழிற்சாலையில் செய்யப்படும் வெப்பப் பதப்படுத்தலால் வருவது, நெருப்பு அதைக் கெடுத்துவிடும்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் முகப்பில் மிக நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? அது கடைசல் இயந்திரத்தில் சீவிய வீல். அந்தக் கோடுகளைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. குரோமியம் பூசிய வீலுக்கும் இதே கதிதான். வெள்ளி, சாம்பல், கறுப்பு என்று முழுக்கப் பெயிண்ட் அடித்த வீல்களுக்கே இந்த முறை பொருந்தும்.

நகத்தால் ஒரு சோதனை

வீலைச் சோப்பு நீரில் கழுவிவிட்டுச் சிராய்ப்பைப் பாருங்கள். பல நேரங்களில் அது கீறலே அல்ல. கல்லில் இருந்த பெயிண்டோ ரப்பரோ ஒட்டிக்கொண்டிருக்கும், கறைநீக்கி தோய்த்த துணியில் வந்துவிடும். உண்மையான கீறல் என்றால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்காவிட்டால் கீறல் நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டில் மட்டுமே இருக்கிறது. காருக்கான ரப்பிங் காம்பவுண்டு வைத்துத் தேய்த்தால் போதும், இதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நகம் சிக்கினால் தொடருங்கள்.

தேவையானவை

240, 400, 800 எண் உப்புத்தாள்கள் (ஈரத்தில் தேய்க்கக்கூடிய வகை), மெல்லிய அரம், அலுமினியத் தூள் கலந்த இருபாகப் பட்டி, அலுமினியத்தில் பிடிக்கும் பிரைமர், வீலின் நிறத்துக்கேற்ற ஸ்பிரே பெயிண்ட், கிளியர் கோட், மாஸ்கிங் டேப், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணிகள், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பெயிண்ட் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி.

கிளியர் கோட் வாங்கும்போது கவனம் தேவை. கெட்டிப்படுத்தும் திரவம் தனியாகக் கலக்கும் இருபாக வகை உறுதியானதுதான். ஆனால் அதில் ஐசோசயனேட்டுகள் இருக்கின்றன, அவை நுரையீரலுக்குப் பெரும் கேடு. தொடக்கநிலையில் இருப்பவர் ஒருபாக வகையோடு நிற்பதே சரி.

கழற்றுதல்

வீலைக் காரில் வைத்தே அடித்தால் பெயிண்ட் பிரேக் டிஸ்க்கில் படியும், ஆகவே கழற்றிவிடுங்கள். சமதளமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு அடைகொடுங்கள். நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திய பிறகே ஜாக்கியை ஏற்ற வேண்டும். வேலை மறுநாள் வரை நீளும் என்பதால் ஸ்டெப்னியை மாட்டிக் காரைக் கீழே இறக்கிவிடுவதே பாதுகாப்பு.

சுத்தம் செய்து மறைத்தல்

பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் வீலில் கெட்டியாகப் படிந்திருக்கும். வீல் கிளீனரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு இடுக்குகள் வரை கழுவிக் காயவையுங்கள். பிறகு ஆல்கஹால் துடைப்பு. நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இடம்மாறுமே தவிரப் போகாது. டயர் பளபளப்புக்குப் பூசும் சிலிகான் இங்கே முதல் எதிரி. அது துளி இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகிச் சிறு குழிகளாக நிற்கும்.

டயரை மறைக்கப் பழைய சீட்டுக்கட்டுப் போதும். சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்குமாறு டயருக்கும் ரிம்முக்கும் இடையே வரிசையாகச் செருகுங்கள். காற்றடைக்கும் வால்வு, நட்டு அமரும் குழிகள், ஹப்பில் (காரில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) பொருந்தும் பின்பக்கம் ஆகியவற்றை டேப்பால் மூடுங்கள். இந்தக் குழிகளில் பெயிண்ட் படிந்தால், அது பின்னால் நசுங்கி நட்டு தளரக்கூடும்.

தேய்த்தல்

துருத்திக்கொண்டிருக்கும் பிசிறுகளை அரத்தால் ரிம்மின் வளைவை ஒட்டியே மெதுவாகச் சீவுங்கள். கிரைண்டர் வேண்டாம், ஒரு நொடியில் அது எடுத்துவிடும் உலோகத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை. பிறகு 240 தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நனைத்துத் தேய்த்தால் அலுமினியத் தூள் காற்றில் பறக்காது.

கீறலை மட்டும் தேய்த்தால் போதாது. சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை, பழைய பெயிண்டின் விளிம்பு படிப்படியாக மெலிந்து உலோகத்தோடு கலக்கும்படி தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். படிக்கட்டுபோல எங்காவது தட்டுப்பட்டால் பெயிண்டுக்குப் பிறகு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அரிப்பால் பூச்சு தூக்கியிருந்தால் உறுதியான பெயிண்ட் வரும்வரை விரட்டிச் செல்லுங்கள். கொஞ்சம் விட்டுவைத்தாலும் அங்கிருந்தே மறுபடி தொடங்கும். கடைசியில் 400 தாளால் மென்மையாக்கி, கழுவிக் காயவைத்து, மறுபடி ஆல்கஹால்.

பட்டி

தேய்த்த பிறகும் குழி இருந்தால்தான் இது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் வீட்டு வேலை அல்ல. டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்குங்கள். குழிக்குச் சற்று மேலே நிற்கும்படி அழுத்திப் பூசி, முழுதாக இறுகியதும் 240, பின் 400 தாளால் உலரவே தேயுங்கள். இங்கே தண்ணீர் கூடாது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் பெயிண்டைத் தள்ளும். முகமூடியைப் போட்டுக்கொண்டு தேயுங்கள்.

பிரைமர், நிறம், கிளியர் கோட்

காற்றோட்டமான, தூசி பறக்காத, வெயில் நேராக விழாத இடம் வேண்டும். மழை ஈரம் மிகுந்த நாளைத் தவிருங்கள், பூச்சு பால்போல வெளிறும். தேய்த்த அலுமினியம் உடனே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும் என்பதால், பிரைமரை அதே நாளில் அடித்துவிடுங்கள்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் கையை நகர்த்திக்கொண்டே அடியுங்கள். பொத்தானை வீலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வீலைத் தாண்டிய பிறகே கையை எடுங்கள். முதல் பூச்சில் அடிப்பரப்பு தெரியத்தான் வேண்டும். அதை மறைக்க அவசரப்பட்டால் வழிந்துவிடும். மெல்லிய பூச்சுகள் மூன்று, நடுவே டப்பாவில் சொன்ன இடைவெளி. காய்ந்த பிரைமரை 800 தாளால் லேசாகத் தேய்த்தால் மிச்சமிருக்கும் கீறல்கள் எல்லாம் தம்மைக் காட்டிக்கொடுக்கும். பின்வாங்கிச் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு.

நிறமும் அதே முறைதான். மெட்டாலிக் நிறமானால் கடைசிப் பூச்சை இன்னும் சற்றுத் தூரத்திலிருந்து பனித்தூவலாக விடுங்கள், உலோகத் துகள்கள் திட்டுத்திட்டாக நிற்காது. கிளியர் கோட்டைச் சரிசெய்த இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம். பழைய பூச்சின் மேல் நேராகப் பிடிக்காது என்பதால், முகப்பு முழுவதையும் முன்பே 800 தாளால் மங்கலாக்கி வைத்து, முழுமைக்கும் இரண்டு மூன்று பூச்சுகள் அடியுங்கள். பூச்சு சற்று இளகியிருக்கும்போதே டேப்பை மெதுவாக உரியுங்கள்.

மாட்டுதல்

குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். நட்டுகளை ஒன்றுக்கு எதிரானதை அடுத்து என்ற வரிசையில் கையால் முடுக்கி, காரைக் கீழே இறக்கிய பின், கார் கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் வீல் கிளீனரும் அழுத்த நீரும் வேண்டாம்; வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.