மனச்சிதைவு உள்ளவர் குடிக்கும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் குடிக்கவோ கஞ்சா புகைக்கவோ தொடங்கினால், அதைத் திமிர் என்று முடிவுகட்டும் முன், அது அவருக்கு எதைத் தணிக்கிறது என்று அறிய முயலுங்கள். அவருக்கு மட்டும் ஓயாமல் கேட்கும் குரல்கள், வராத தூக்கம், மாத்திரையால் வரும் கைநடுக்கமும் மந்தமும், பேச ஆளில்லாத தனிமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் தனியாக அமர்ந்து, "ராத்திரியில் குரல் கேட்டால் என்னப்பா செய்வாய்?" என்று கேளுங்கள்; "ஏன் குடித்தாய்?" என்ற கேள்வி அவர் வாயை அடைத்துவிடும்.

கிடைத்த பதிலை மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவிளைவுதான் காரணமென்றால் அளவையோ மருந்தையோ அவர் மாற்றக்கூடும். கஞ்சா குரல்களையும் சந்தேகங்களையும் கூட்டும் என்பதால், அதைச் சிறிய விஷயமென்று விட்டுவிடக் கூடாது.

கட்டாயப்படுத்தி ஒரே நாளில் நிறுத்த வைப்பதுதான் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது. தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சிகரெட்டிலும் கவனம் தேவை: மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் அல்லது ஒலான்சபின் மாத்திரை எடுத்துக்கொள்பவர் புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயரும் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நோய்க்கும் போதைக்கும் ஒரே குழுவிடம் சேர்த்துச் சிகிச்சை கேளுங்கள்.