கிறுக்குத்தனமான வீடியோ போட்டால் கடைக்குக் கூட்டம் வருமா?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊரில் இன்று துணிக்கடை, சலூன், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று எதை எடுத்தாலும் ஒரு டிக்டாக் கணக்கு இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பல கணக்குகளில் ஒரே காட்சிதான் வருகிறது: முதலாளி டிரெண்டிங் பாட்டுக்கு ஆடுகிறார், வேலை செய்யும் தம்பி விக் வைத்துக்கொண்டு ஓடுகிறார். பெரிய நிறுவனங்கள் இப்படித்தானே பிரபலமாகின்றன என்று கேட்கிறார்கள். சரி, அந்த நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்தன என்று பார்ப்போம்.

மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலிக்கு ஒரு பச்சை ஆந்தை அடையாளம். 2021 முதல் அந்த ஆந்தை உடையை மாட்டிக்கொண்டு ஊழியர்கள் அலுவலகத்தில் செய்த சேட்டைகள் டிக்டாக்கில் பெரிதாகப் பரவின. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. “இன்று பாடம் படிக்கவில்லையே” என்று ஓயாமல் நச்சரிக்கும் அந்த ஆந்தையை வைத்து, பயன்படுத்துபவர்களே அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்து மீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மக்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நிறுவனம் எடுத்து நடித்துக்காட்டியது. ரயன்ஏர் விமான நிறுவனமும் அப்படித்தான். மலிவு டிக்கெட், அதற்கேற்ற வசதி என்று ஊரே கிண்டல் செய்ததை, வீடியோவில் விமானத்துக்குக் கண்ணும் வாயும் ஒட்டித் தானே பேச ஆரம்பித்தது.

அதனால் ஆந்தை உடை வாங்குவதில் பயனில்லை. உங்கள் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். தீபாவளிக்கு முதல்நாள்வரை “நாளைக்கு ரெடி” என்றே சொல்லும் தையல்கார அண்ணன், வாங்குகிற சாமானைப் பார்த்தே வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடும் மளிகைக்கடை அக்கா என்று எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். அந்த அண்ணனே கேமரா முன்னால் வந்து “நாளைக்கு ரெடி” என்று சொன்னால், பார்க்கிறவர் உடனே தன் அம்மாவுக்கு அனுப்புவார். அந்த ஒரு வரி, எந்த டிரெண்டிங் பாட்டையும்விட அவர் கடைக்குச் சொந்தமானது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த சுகு – பவித்ரா தம்பதி 2020ல் யூடியூபில் சமையல் வீடியோ போடத் தொடங்கினார்கள். சின்ன வீட்டுச் சமையலறை, சரளமான மலாய், மனைவி சமைக்கக் கணவர் கைப்பேசியில் படம்பிடிப்பது, அவ்வளவுதான். கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலாய், சீன, இந்திய மக்கள் எல்லாரும் அவர்களைப் பார்த்தார்கள். அப்போதைய பிரதமர் முகிதின் யாசினே தன் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார். தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் மலாயில் இவ்வளவு அழகாகச் சமையல் சொல்லிக்கொடுப்பதைப் பலர் எதிர்பார்க்கவில்லை. அது நடிப்பும் இல்லை. என்னைக் கேட்டால், நம் கடைக்காரர்கள் ஆந்தையைவிட இவர்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எது பகிரப்படுகிறது என்பதை ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளை வைத்து ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போன்று மனத்தை உசுப்பும் உணர்வுகள் ஒருவரை அனுப்பத் தூண்டுகின்றன. ஆளை ஓய வைக்கும் சோகம் அவ்வளவாகத் தூண்டுவதில்லை. கோபம் பரவும் என்பதற்காக அதைத் தேடிப் போகாதீர்கள். அது உங்கள் கடைப்பக்கமே திரும்பும்.

அப்புறம், டிரெண்டில் என்ன பேசுகிறார்கள் என்று படிக்காமலே குதிப்பதும் ஆபத்து. 2014ல் அமெரிக்காவில், அடிக்கும் கணவரை விட்டு ஏன் உடனே போகவில்லை என்று பெண்கள் ஒரு ஹேஷ்டேக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ பீட்சா நிறுவனம் அது என்னவென்று பார்க்காமல், “பீட்சா இருந்ததால்” என்று அதே ஹேஷ்டேக்கில் பதிவு போட்டது. பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2021 மகளிர் தினத்தன்று பிரிட்டன் பர்கர் கிங் “பெண்களின் இடம் சமையலறை” என்று எழுதியது. பெண் சமையல்காரர்களுக்கு உதவித்தொகை தருகிறோம் என்ற விளக்கம் அடுத்த பதிவுகளில்தான் இருந்தது. முதல் வரி மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. எனவே முதல் வரியைத் தனியாக வெட்டி எடுத்தால் எப்படி ஒலிக்கும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். நம் நாட்டில் இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் தொட்டு நகைச்சுவை செய்யவே வேண்டாம். போலீஸ் விசாரணை ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்துக் கடைக்காரர் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டுமே.

பாட்டு விஷயம் சுருக்கமாக: டிக்டாக்கில் வணிகக் கணக்குக்கு அதற்கென்று அனுமதிக்கப்பட்ட இசைத்தொகுப்பு தனியாக உண்டு. பிடித்த சினிமாப் பாட்டைத் தனிப்பட்ட கணக்கில் போட்டுக் கடைக்கு விளம்பரம் செய்தால், பாட்டின் உரிமைக்காரர் கேள்வி கேட்கலாம்.

பார்வை எண்ணிக்கையை விற்பனை என்று நினைப்பதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. 2019ல் இன்ஸ்டாகிராமில் ஒரு சாதாரண முட்டைப் படம் 5 கோடிக்கும் மேல் லைக் வாங்கியது. லைக் போட்டவர்கள் முட்டை வாங்க வந்தவர்கள் இல்லை. வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அக்காவின் வீடியோவைத் தூரத்தில் இருக்கும் ஜோகூர் மாநிலத்தில் ஆயிரம் பேர் பார்த்தால் என்ன பயன்? தபாலில் அனுப்புவாரா, ஒரு டின் எத்தனை வெள்ளி, எந்தத் தேதிவரை ஆர்டர் எடுப்பார் என்பதெல்லாம் வீடியோவிலேயே இருந்தால் பயன் உண்டு. “விலைக்கு பிஎம் பண்ணுங்க”, அதாவது தனிச்செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்று எழுதினால் பாதிப் பேர் போய்விடுவார்கள். எத்தனை டின் சுட முடியும் என்பதையும் முன்பே கணக்குப் போடுங்கள். தீபாவளி வாரத்தில் ஆர்டரை எடுத்துவிட்டுக் கொடுக்காமல் போனால் அந்தக் கோபம் அடுத்த வருடமும் நிற்கும்.

சிரிக்க வைத்ததால் மக்கள் எதையும் மன்னித்துவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஆந்தை செத்துவிட்டது என்று அறிவித்து உலகத்தையே பேச வைத்தது டுவோலிங்கோ. அதே ஆண்டு ஏப்ரலில், இனி செயற்கை நுண்ணறிவுக்கே முதலிடம் என்று அதன் தலைவர் அறிவித்ததும், அதே ரசிகர்கள் கமென்ட்டில் வறுத்தெடுத்தார்கள். உங்கள் வேடிக்கை வீடியோவுக்குக் கீழே ஒருவர் “போன வாரம் வாங்கிய முறுக்கு சிக்கு வாடை அடித்தது” என்று எழுதினால், அங்கே ஜோக் வேண்டாம். “மன்னிச்சிடுங்க அக்கா, பாக்கெட்டைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்” என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதி, வந்ததும் மாற்றிக் கொடுங்கள்.