தனி ஆளாக அரை மணி நேரம்: ஜூன் பிரவுன் வழியில் ஒரு மேடை நாடகம் போட

2008 ஜனவரி 31 அன்று பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் அரை மணி நேரமும் ஒரே ஒருவர்தான் பேசினார். டாட் என்ற வேடத்தில் ஜூன் பிரவுன். அப்போது அவருக்கு வயது 80. கதைப்படி பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் டாட்டின் கணவர் ஜிம். அவருக்கு அனுப்ப டாட் ஒரு கேசட்டில் பேசிப் பதிவு செய்கிறாள். நடப்பது அவ்வளவுதான். பிரிட்டிஷ் சோப்புத் தொடர்களில், அதாவது ஆண்டுக்கணக்கில் ஓடும் டிவி குடும்பத் தொடர்களில், தனி ஆளை மட்டும் வைத்து ஒரு முழுப் பகுதி வந்தது அதுவே முதல்முறை. அதற்காக ஜூன் பிரவுன் பெயர் 2009இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த நடிகை பரிந்துரைக்குப் போனது. சோப்புத் தொடர் நடிகைக்கு அந்த இடம் கிடைத்தது 1988இல் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் ஜீன் அலெக்சாண்டருக்குப் பிறகு அப்போதுதான்.

பள்ளி ஆண்டு விழாவிலோ, கல்லூரியிலோ, ஊர்த் திருவிழாவில் கூத்து தொடங்கும் முன் கிடைக்கும் நேரத்திலோ ஒரு பெண்ணை வைத்து நாடகம் போட நினைப்பவர்களுக்கு அந்த அமைப்பு நன்றாக உதவும். அதன் வசனத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். உரிமை அவர்களுடையது. அதோடு லண்டன் கிழவியின் புலம்பல் பென்னாகரம் மேடையில் ஒட்டாது. எடுத்துக்கொள்ள வேண்டியது எலும்புக்கூட்டை மட்டும்: பேச ஒரு ஆள், பேச ஒரு கருவி, சும்மா இருக்க முடியாத கை.

யாரிடம் பேசுகிறாள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் தனி ஆள் நாடகத்தில் முதலில் தடுமாறுவது இங்கேதான். கூத்தில் யாரும் தனியாகப் பேசுவதில்லை. ராஜா வாயைத் திறந்தால் கட்டியங்காரன் பதில் கேள்வி போடுவான், பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கிப் பாடுவார்கள். அந்தத் துணை இல்லாமல் மேடையேறினால் நடிகை தானாகவே கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவாள். ஐந்தே நிமிடத்தில் அது பட்டிமன்றமாகிவிடும்.

கேசட் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அவள் ஏன் வாய்விட்டுப் பேசுகிறாள், ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் அது ஒன்றே விடை. இன்று அந்த இடத்துக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், சாரத்தில் இருந்து விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவனுக்கு ஒருத்தி குரல் பதிவு அனுப்புகிறாள் என்று வைத்தால், இந்த இரண்டு மாவட்டத்திலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

குரல் பதிவில் கேசட்டுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. பேசியதை அழித்துவிட்டு வேறு ஒன்று அனுப்பலாம். 'காசு அனுப்பு' என்று பேசி, நிறுத்தி, அழித்து, 'இங்க ஒரு கொறையும் இல்ல மாமா' என்று புதிதாகப் பதிந்தால் அவள் நிலைமை முழுக்க வெளியே வந்துவிடும். இந்த உத்தியை இரண்டு தடவை வைக்கலாம். மூன்றாவது தடவை போனைத் தொட்டாலே கூட்டம் சிரிக்கும்.

ஒவ்வொரு பதிவும் ஒரு காட்சி. அரை மணிக்கு ஐந்து அல்லது ஆறு பதிவு சரியாக வரும். முதல் இரண்டு பதிவு மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும், நான்காவதுதான் நீளமானது. பதில் வரவே கூடாது. கடைசியில் 'டிங்' என்று ஓசை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதை விட்டுவிடுங்கள்.

கை வேலை: புளி

ஜூன் பிரவுன் 1985 ஜூலையில் தொடருக்குள் வந்தபோது வயது 58. பெயர் சொல்லிப் பரிந்துரைத்தவர் அதே தொடரின் நடிகர் லெஸ்லி கிரந்தம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் இருந்து, ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, லேடி மேக்பெத் வரை மேடையில் நடித்தவர். அதற்கு முன் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரிலும் சின்ன வேடத்தில் தலைகாட்டியிருந்தார். டாட்டாக நடுவில் நான்கு ஆண்டு இடைவெளி விட்டு 2020 வரை நீடித்தார். அந்த வேடத்துக்கு அவர் பிடித்துக்கொண்ட பிடி பெரிய விஷயம் எதுவுமில்லை: விரலிடையில் எப்போதும் ஒரு சிகரெட், வாயில் எப்போதும் ஒரு பைபிள் வசனம், துணி துவைக்கும் கடையில் வேலை. கைக்கு ஒரு பழக்கம், வாய்க்கு ஒரு பழக்கம், பிழைப்புக்கு ஒரு இடம்.

நம் பெண்ணுக்குப் பிழைப்பு புளி தட்டுவது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் சீசன் நாளில் திண்ணைக்குத் திண்ணை நடக்கும் வேலை. மேடைக்கு இது ஏன் தோதாக அமைகிறது என்றால், வேலைக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. ஓடு உடைப்பது வேகமானது, ஓசை உள்ளது. நார் இழுப்பது மெதுவானது, ஓசையற்றது. தட்டிக் கொட்டை எடுப்பது தாளம் உள்ளது. அவள் எரிச்சலில் பேசும் பதிவுக்கு ஓடு, கணக்குச் சொல்லும் பதிவுக்குக் கொட்டை, மனசு திறக்கும் பதிவுக்கு நார்.

ஒரு காட்சிக்கு வேண்டியவை: ஓட்டோடு புளி ஒன்றரைக் கிலோ, ஏற்கெனவே ஓடு நீக்கியது அரைக் கிலோ, முறம் ஒன்று, கொட்டை போட ஒரு அலுமினியக் கிண்ணம், தட்ட ஒரு கல், பிடிக்கு அடங்கும் மரக்கட்டை. வீட்டில் இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். மேடையில் மைக் அந்த ஓசையை வாங்கி ஒலிபெருக்கியில் வெடிக்க வைக்கும், அதனால்தான் மரக்கட்டை. கல்லுக்கு அடியில் நான்காக மடித்த சாக்கு. புளியை முந்தின நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரப்பதம் இருந்தால் ஓடு உடையாமல் நசுங்கும், அவள் அதோடு மல்லுக்கட்டும்போது வசனம் தாண்டிப் போய்விடும். நன்றாக உதறிப் புடைத்து எடுக்காவிட்டால் தூசி தொண்டையில் ஏறி இருமல் வரும். எதற்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: புளிப் பிசுக்கு பட்ட விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. நடிகை போனைத் தட்டுவாள், பதிவு தொடங்காது, முகத்தில் பதற்றம் தெரியும். இதை முன்கூட்டியே நாடகத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முன் முந்தானையில் விரலைத் துடைக்கிறாள், திரையைத் துடைக்கிறாள், பிறகுதான் பேச்சு. அவளுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், கூட்டத்துக்கும் அடுத்த பேச்சு வருகிறது என்று தெரியும். கடைசிப் பதிவில் துடைக்காமலே போனை எடுத்தால், ஏதோ மாறிவிட்டது என்று சொல்லாமலே புரியும்.

போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். உண்மையாகப் பதிய வேண்டியதில்லை, திரை வெளிச்சம் முகத்தில் விழுந்தால் போதும்.

எழுதும்போது

மேடையில் வேலை செய்துகொண்டே பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் வரும். பேச்சுக்கு 22 நிமிடம், மீதி எட்டு நிமிடம் புளிக்கும் மௌனத்துக்கும் என்று ஒதுக்கினால் 1,800 சொல்லுக்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைக் கையில் வேலையோடு வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். உட்கார்ந்தபடி படித்துப் பார்க்கும் கணக்கு மேடையில் எப்போதும் பொய்க்கும்.

அதிகம் கெடுவது இப்படிப்பட்ட வரியில்தான்: 'நம்ம மூத்த பொண்ணு, பத்தாவது படிக்கிறாளே, அவளுக்கு ஃபீஸ் கட்டணும்.' பெண் பத்தாவது படிப்பது அப்பனுக்குத் தெரியாதா? கேட்பவனுக்குத் தெரிந்ததை அவனிடமே சொன்னால் பேச்சு கூட்டத்துக்காகத்தான் என்று அம்பலமாகிவிடும். 'பெரியவ டூர் வேணாம்னுட்டா. அவளாவே சொன்னா, நான் கேக்கவே இல்ல' என்றால் வறுமையும் தெரிகிறது, பெண்ணும் தெரிகிறாள்.

மொழி நடிகையின் ஊர்மொழியாக இருக்கட்டும். ஓசூர்ப் பக்கத்துப் பெண்ணுக்குக் கன்னடமோ தெலுங்கோ நடுவில் வந்தால் வரட்டும், அரூர்ப் பெண்ணிடம் அதைத் திணிக்க வேண்டாம். பழமொழி ஒன்றை அவள் வாய்ப்பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று போதும்.

ஆள் தேர்வில் பெரும்பாலான பள்ளிகள் வகுப்பிலேயே அழகான, குரல் கணீரென்று இருக்கும் பெண்ணைப் பிடிப்பார்கள். இந்த நாடகத்துக்கு வேண்டியவள் வீட்டில் உண்மையாகவே புளி தட்டத் தெரிந்தவள். வசனத்தை நான்கு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம், கை வேகத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கூத்து பயின்றவர் கிடைத்தால் உடல் வலு பிரமாதமாக இருக்கும், ஆனால் குரலை மேல் கட்டையில் இருந்து இறக்க முதல் வாரம் முழுக்கப் போய்விடும்.

மனப்பாடத்தைப் புளியோடு சேர்த்தே செய்யுங்கள். எந்தச் சொல்லில் ஓடு உடைகிறது, எந்தச் சொல்லில் கை நிற்கிறது என்று வசனத் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டால், கை வரியை ஞாபகப்படுத்தும். டிவி சீரியல் படப்பிடிப்பில் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது போல மேடையில் முடியாது. முறத்தின் உள்பக்கம், பார்வையாளருக்குத் தெரியாத விளிம்பில், ஒவ்வொரு பதிவின் முதல் சொல்லை மட்டும் எழுதி ஒட்டுங்கள். முழு வரி எழுதினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

மேடை, ஒலி, ஒளி

புளி தட்டுபவள் தரையில் உட்காருவாள். கூட்டம் சமதரையில் நாற்காலி போட்டிருந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அவள் தலைகூடத் தெரியாது. மேடை மூன்றடி உயரமாவது வேண்டும். இல்லையென்றால் திண்ணை போல ஒன்றரை அடிக்கு இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, ஆடாதபடி கயிற்றால் கட்டி, மேலே சாக்கு விரித்துவிடுங்கள்.

மைக் காதில் மாட்டும் வகையாக இருந்தால் நல்லது. சட்டையில் குத்தும் மைக் மட்டும்தான் இருக்கிறதென்றால் முந்தானையில் குத்தாதீர்கள், துணி உரசும் ஓசை பேச்சை விழுங்கும். ரவிக்கைக் கழுத்தோரம், தட்டும் கைக்கு எதிர்ப்பக்கம். ஒலிபெருக்கிகள் நடிகைக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் ஊளையிடும். கட்டையால் பத்து தடவை தட்டிப் பார்த்து அந்த ஓசைக்கு ஏற்றபடி ஒலியளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சை மட்டும் வைத்துச் சோதித்தால் முதல் தட்டிலேயே முன்வரிசை காதைப் பொத்தும்.

விளக்கு இரண்டு போதும். 50 வாட் எல்இடி, மஞ்சள் நிறம், எட்டடி உயரத்தில், இரு பக்கமும் சாய்வாக. ஒன்றுக்கு நீல வெள்ளையும் ஒன்றுக்கு மஞ்சளும் கலந்து போட்டால் முகம் நோயாளி போல இருக்கும்.

நடிக்கும்போது

அழுகையை நான்காவது பதிவுக்கு முன் விடாதீர்கள். பத்தாவது நிமிடத்தில் அழுதுவிட்டால் மீதி இருபது நிமிடத்துக்குப் போக இடமில்லை. அழ வேண்டிய வரியில் கை வேகமாக வேலை செய்யட்டும், சாதாரண வரியில் கை நிற்கட்டும். இந்த ஒரு மாற்றத்தை ஒத்திகையில் செய்து பார்த்தால் இயக்குநர் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. பார்வை மூன்று இடத்துக்கு மட்டும் போக வேண்டும்: புளி, போன், வாசல். ஊர்த்திடலில் போட்டால் முதல் இரண்டு நிமிடம் பேச்சே வேண்டாம், ஓடு மட்டும் உடைக்கட்டும். கூட்டத்தின் சலசலப்பு அந்த ஓசைக்குத்தான் அடங்கும், 'அமைதி அமைதி' என்று மைக்கில் கத்துவதற்கு அடங்காது.

முடிந்ததும் கைதட்டலுக்கு எழுந்து கும்பிடும் முன் இரண்டு பேர் துடைப்பத்தோடு தயாராக இருக்க வேண்டும். தட்டும்போது கொட்டை நாலாபக்கமும் தெறித்திருக்கும், கடைக்கோடி வரை உருண்டிருக்கும். அடுத்த நிகழ்ச்சி கரகமோ பரதமோ, ஆடுபவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். முதலில் பெருக்கி, பிறகு ஈரத்துணியால் பிசுக்கைத் துடைத்துவிட்டுத்தான் மேடையை ஒப்படைக்க வேண்டும்.