நிலைகளை உடையோடு இருக்கும்போதே முடிவு செய்யுங்கள்

நிர்வாணக் கலை ஒளிப்படம் எடுப்பவர்கள், படப்பிடிப்புக்கு முந்தைய நாளே மாடலுடன் அமர்ந்து, அவர் வழக்கமான உடையில் இருக்கும்போதே எல்லா நிலைகளையும் ஒத்திகை பார்த்து, கைபேசியில் படமெடுத்து, எவை வேண்டும், எவை வேண்டாம் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், மறுநாள் வேலை பெருமளவு குறையும்.

உடையோடு இருக்கும்போது மறுப்புச் சொல்வது எளிது. அதைவிட, புதிய யோசனை சொல்வதும் எளிது. உடலின் எடை எங்கே இறங்குகிறது என்பதை இருவரும் ஒன்றாகப் பேசுவதற்கு, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளைமேல் கையூன்றி நிற்கும் சிவனின் வெண்கலச் சிலையை, பார்த்துவிட்டு வருவது நல்லது: காளை இன்று அங்கில்லை, ஆனாலும் அதன்மேல் ஊன்றியிருந்த கையும், ஒரு காலில் எடையைத் தாங்கி மறுகாலைக் குறுக்கே வைத்த தளர்வும் அதை உணர்த்திவிடுகின்றன. திருமேனியை அப்படியே நடிக்கச் சொல்வது என் நோக்கமன்று. அது எனக்கு உடன்பாடும் இல்லை.

விலா எலும்பின் மீது பக்கவாட்டு வெளிச்சம் விழுவதை நம்பியிருக்கும் படங்களுக்கு இந்த ஒத்திகை உதவாது, ஏனெனில் துணி அந்த நிழலை மறைத்துவிடும். இடுப்பு எலாஸ்டிக்கின் தழும்பையும் இது போக்காது. அதற்கு, படப்பிடிப்புக்கு ஓரிரு மணி நேரம் முன்பிருந்தே தளர்ந்த நைட்டியோ லுங்கியோ அணிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் சம்மதித்த நிலையை மாடல் மறுநாள் மறுத்தாலும், பட்டியலிலிருந்து அதை அப்போதே நீக்கிவிட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரை இவ்வகைப் படத்துக்கு அணுகவே கூடாது.