மாற்றிய வானம் ஏன் ஒட்டுவதில்லை? படத்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிப்படத் திருத்தம் கற்கத் தொடங்குபவர்கள் ஆசையோடு முயன்று பார்ப்பவற்றுள் வானத்தை மாற்றுவதும் ஒன்று. வெளிறிப்போன வானத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திரண்ட மேகங்களையோ செவ்வானத்தையோ வைக்க இப்போது சில சொடுக்குகளே போதும். 2019-இல் லூமினார் மென்பொருளும், 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பும் இந்த வேலையைத் தானியங்கியாக்கிவிட்டன. ஆனால் வேலை எளிதாகிய அளவுக்குப் படங்கள் நம்பும்படி அமைந்துவிடவில்லை. எது தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் பார்த்தவுடன் பட்டுவிடும். வெட்டிய விளிம்பைக் குறை சொல்வது வழக்கம் என்றாலும், என் கணிப்பில் பெரும்பாலான படங்கள் கெடுவது வானத்தை வெறும் பின்திரையாக எண்ணிவிடுவதால்தான். திறந்தவெளியில் எடுத்த படத்துக்கு வானமே விளக்கு. விளக்கை மாற்றிவிட்டு, அதன் வெளிச்சத்தில் நின்ற பொருட்களைப் பழையபடியே விட்டுவைத்தால் இரண்டும் பொருந்த வழியில்லை.

ஆகவே, அழகான வானம் ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்பத் தரையை வளைக்க முயல்வதே அடிப்படைத் தவறு. தரையைப் படித்த பிறகுதான் வானத்தைத் தேட வேண்டும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அதன் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா கரைந்திருக்கிறதா, எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் பார்த்தாலே சூரியன் இருந்த இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு கம்பத்தின் நிழல் அந்தக் கம்பத்தின் நீளமே இருக்கும். 10 பாகைக்கு இறங்கும்போது அது ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டுவிடும். காலடியில் சுருண்டு கிடக்கும் நண்பகல் நிழலுக்கு மேலே அந்திவானத்தை வைத்தால், எந்த மென்பொருளாலும் அந்த முரணை மறைக்க முடியாது. அதேபோல், நிழலே இல்லாத மேகமூட்ட நாளின் படத்தில் பளீரென்ற நீலவானத்தை வைப்பதும் வீண். அத்தகைய படத்துக்குச் சாம்பல் மேகங்கள் அடுக்கடுக்காகத் திரண்ட வானமே பொருந்தும். உண்மையில் அது பல நேரங்களில் நீலவானத்தைவிட அழகாகவும் இருக்கும்.

நிறத்தைச் சரிசெய்யும்போதும் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைக் காட்டும் நிறவெப்பம் நண்பகல் வெயிலுக்கு ஏறத்தாழ 5500 கெல்வின். சூரியன் அடிவானத்தைத் தொடும் வேளையில் அது 3000-க்கும் கீழே இறங்கி, ஒளி செம்மஞ்சளாகிவிடும். இதை அறிந்தவர்கள் செவ்வானத்தை வைத்தவுடன் படம் முழுவதற்கும் ஒரே ஆரஞ்சுப் பூச்சைத் தடவிவிடுகிறார்கள். மாலையில் வெயில் நேரே படும் பரப்பு மட்டுமே பொன்னிறம் பெறும். வெயில் படாத பக்கத்துக்குத் தலைக்கு மேலே இருக்கும் நீலவானம் ஒளி தருவதால் அது குளிர்ந்த நீலச்சாயலோடுதான் இருக்கும். ஒளிப்பகுதிக்கு மஞ்சளும் நிழற்பகுதிக்குச் சற்று நீலமும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அதுவரை ஒட்டாமல் நின்ற வானம் அந்த ஒரு திருத்தத்திலேயே படத்தோடு சேர்ந்துவிடுவதைக் காணலாம். பிரகாசத்தையும் கவனிக்க வேண்டும். மேகமூட்ட நாளில் தரைக்கு ஒளி தருவதே வானம்தான் என்பதால், பொதுவாக வானத்தைவிடத் தரை இருண்டே தோன்றும். கரிய புயல்மேகங்களுக்குக் கீழே பளிச்சென்ற புல்வெளி வேண்டுமானால், அதற்கு எங்கிருந்தோ வெயில் விழுவதாகப் படத்திலேயே ஒரு காரணம் தெரிய வேண்டும்.

அளவையும் கோணத்தையும் பற்றி அவ்வளவாக யாரும் யோசிப்பதில்லை. மேகங்கள் அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து நெருக்கமாகும். தலைக்கு மேலே பெரிதாகி விலகி நிற்கும். அண்ணாந்து எடுத்த மேகத்தை மலைவரிசையின் மேல் நேராக ஒட்டினால், மலை குன்றாகவும் மேகம் சுவராகவும் தோன்றும். நிலவை ஒட்டுபவர்களோ பெரும்பாலும் அளவில் தவறுகிறார்கள். வானில் நிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகைதான்; முழுச்சட்டக் கேமராவில் (36 மில்லிமீட்டர் அகல உணரி கொண்டது) 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தில் அது படத்தின் அகலத்தில் 160-இல் ஒரு பங்கு அளவுக்கே விழும். தொலைவை நெருக்கிக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த நிலவைக் கொண்டுவந்து அந்த அகன்ற நிலக்காட்சியில் வைத்தால் அது கேலிச்சித்திரமாகிவிடும். முழுநிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும் என்பதால், சூரியன் மறையும் பக்கத்தில் அதற்கு இடமில்லை. பிறையாக இருந்தால் அதன் ஒளிர்ந்த விளிம்பு சூரியனை நோக்க வேண்டும். பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் மின்னும் படங்களையும் கண்டிருக்கிறேன். வானியல் அறிந்த யாருடைய கண்ணிலும் அவை படாமலிருக்க வேண்டும்.

விளிம்புக்கு வருவோம். வானத்தை மாற்றுவது கணினி கண்ட வித்தை அன்று. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கடலை ஒரு நெகடிவ்விலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, அச்சிடும்போது அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்தார். அக்காலத்தில் ஒளியைப் பதிவுசெய்த, கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகுதியாக உள்வாங்கியதால், கடல் சரியாகப் பதியும் நேரத்தில் வானம் வெளுத்துப்போய்விடும். வேறு வழி இல்லாமல்தான் அவர் அப்படிச் செய்தார். கிளைகளும் இலைகளும் குறுக்கிடாத நேர்கோட்டில் இணைப்பை வைத்ததால் அவருக்கு வேலை கைகூடியது. அவருக்குத் தொல்லையாக இருந்த அதே இயல்பு இன்று நமக்கு உதவுகிறது: பகல் வானம் நீல சேனலில் (படத்தின் நீல ஒளியை மட்டும் காட்டும் பதிவில்) மிக வெளிச்சமாகவும், இலைகள் அங்கே கருமையாகவும் பதிவதால், அந்தச் சேனலைப் படியெடுத்து அதன் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை லெவல்ஸ் என்ற கருவி கொண்டு கூட்டினால் மரத்துக்கு நல்ல மாஸ்க் (எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று வரையறுக்கும் கறுப்பு-வெள்ளை மறைப்பு) கிடைத்துவிடும். கையால் பிரஷ் ஓட்டி இலை இலையாக வெட்ட முனைவது நேர விரயம்; விளைவும் கத்தரித்து ஒட்டியதுபோலவே இருக்கும்.

மாஸ்க் சரியாக இருந்தும் இலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதென்றால், அதற்கு வேறொரு காரணம் உண்டு. மெல்லிய கிளையின் ஓரத்திலுள்ள பிக்சல்களில் பாதி கிளை, பாதி பழைய வானம் என நிறங்கள் கலந்திருக்கும். புதிய வானம் பழையதைவிட இருண்டதாக இருந்தால், கலந்துபோன அந்த வெளுப்பு வெளியே தெரியும். இதை மறைக்க மாஸ்க் முழுவதற்கும் ஃபெதர் கொடுத்து விளிம்பை மங்கலாக்குவது வழக்கமான தவறு. கூரையின் விளிம்புக்கு வேண்டிய கூர்மை வேறு, மரத்துக்கு வேண்டியது வேறு, பறக்கும் முடிக்கு வேண்டியது வேறு. பழைய வானம் ஏறத்தாழ வெள்ளையாக இருந்தால் ஓர் எளிய வழி உண்டு: மரம் இருக்கும் பகுதியில் மட்டும் புதிய வானத்தின் லேயரை (படத்தின் மேல் வைத்த தனி அடுக்கை) மல்டிப்ளை முறைக்கு, அதாவது கீழுள்ள நிறத்தோடு பெருக்கி இருளச் செய்யும் முறைக்கு மாற்றிவிடலாம். வெள்ளை இருந்த இடத்தில் புதிய வானம் அப்படியே வரும். கலந்த பிக்சல்களும் தம் அளவுக்கு அதை ஏற்றுக்கொள்ளும். கரிய கிளைகள் கரியனவாகவே நிற்கும். அடிமரம் போன்ற கெட்டியான பகுதிகளில் மட்டும் மாஸ்க்கால் வானத்தை மறைத்துவிட வேண்டும். பழைய வானம் நீலமாக இருந்திருந்தால் இந்த வழி பயன்படாது, ஏனெனில் இரண்டு நீலங்களும் பெருகி வானம் கறுத்துப்போகும்.

நீர்நிலை இருக்கும் படத்தில் வானம் இரண்டு இடங்களில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மேலே செவ்வானமும் ஏரியில் பழைய வெள்ளை வானமும் இருந்தால் அதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. வானத்தைத் தலைகீழாகத் திருப்பி நீரின் மேல் வைத்து, சற்று இருளச் செய்து, அலைக்கேற்பக் கலைத்துவிட வேண்டும். சன்னல் கண்ணாடி, கார், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். தொலைவிலுள்ள மலைகள் வானத்தின் நிறத்தையே போர்த்திக்கொண்டு நிற்கும் என்பதால், வானம் மாறினால் அவற்றின் சாயலும் சிறிது மாறியாக வேண்டும். மேலும், பின்னணி மங்கலாக எடுக்கப்பட்ட உருவப்படத்தில் மேகம் மட்டும் ஊசிமுனைபோல் தெளிவாக இருக்கக் கூடாது. தரையில் தெரியும் நாய்ஸ் (மணல்போன்ற நுண்புள்ளிகள்) வானத்திலும் அதே அளவுக்கு இருக்க வேண்டும்.

இனி நுண்திருத்தம், அதாவது படத்திலுள்ள சிறு குறைகளை நீக்கும் வேலை. படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து வேறிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப் கொண்டு ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்து அடிப்பவர்கள், மனிதக் கண் வடிவங்களின் திரும்பல்களை எவ்வளவு விரைவாகப் பிடித்துவிடும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2006 ஆகஸ்டில் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் எழுந்த புகையைக் காட்டும் படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் திரும்பப் பெற்றது. புகைச்சுருள்கள் நகலெடுத்து அடுக்கப்பட்டவை என்பதை வாசகர்களே ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். புல், மணல், மேகம் எதுவானாலும் நகலெடுக்கும் மூலப்புள்ளியை அடிக்கடி மாற்ற வேண்டும். குறைகளை மறைக்க உதவும் இன்னொரு கருவியான ஹீலிங் பிரஷ் சுற்றிலுமுள்ள நிறத்தைக் கலந்து தருவதால், இருண்ட தலைமுடிக்கோ ஆடையின் கரைக்கோ அருகில் அதைப் பயன்படுத்தினால் கறைபோல் இழுபடும். அங்கே குளோன் ஸ்டாம்ப்பே ஏற்றது. முகத்தைப் பொறுத்தவரை, இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடிய பருவை நீக்கலாம், மச்சத்தையும் பழைய தழும்பையும் அவர் கேட்டாலொழிய விட்டுவிடலாம் என்பது திருத்துபவர்களிடையே புழங்கும் நல்ல வழக்கம். தோலை மங்கலாக்கி மெழுகாக்குவது எல்லாரும் அறிந்த தவறுதான். அந்த அளவுக்குக் கவனிக்கப்படாதது விழியின் வெண்பகுதியை முழு வெள்ளையாக்குவது: கண் ஓர் உருண்டை, அதன் ஓரங்களில் நிழல் உண்டு, அந்த நிழலைத் துடைத்தெடுத்தால் முகம் பொம்மையாகிவிடும்.

இந்த வேலைகளையெல்லாம் மூலப்படத்தின் மீதே செய்வதைப் பலர் சுருக்குவழியாகக் கருதுகிறார்கள். வெற்று லேயர் ஒன்றில் திருத்தம் செய்தால், மறுநாள் கண் தெளிந்து பார்க்கும்போது மிகையாகத் தோன்றுவதை லேயரின் அடர்த்தியைக் குறைத்தே சரிசெய்துகொள்ளலாம். வானத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 8-பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. நீலம் மெல்ல மெல்ல வெளுக்கும் வானத்தில் அவற்றை இழுத்து நீட்டினால் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். கேமரா பதிவுசெய்த தகவல் முழுவதையும் வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்து தொடங்கி 16-பிட்டில் வேலை செய்து, கடைசியில் மட்டும் ஜேபெக்காகச் சேமிப்பதே பாதுகாப்பு. திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு இருட்டறையில் திருத்துபவர்களின் அச்சுப்படங்கள் கறுத்து வருவதில் வியப்பில்லை. ஒரு சதுர மீட்டருக்கு 100 கேண்டலா என்ற பிரகாச அளவில் திரை இருந்தால் அச்சுக்கு நெருக்கமாக வரும். 300 விழுக்காடு பெரிதாக்கி மணிக்கணக்கில் உழைப்பவர்கள் இடையிடையே படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும், இடவலமாகத் திருப்பியும் பார்க்க வேண்டும்; ஒளியின் முரண் அப்போதுதான் கண்ணில் படும்.

வானம் வெளுத்திருக்கிறது என்பதாலேயே அதை மாற்றத்தான் வேண்டும் என்றும் இல்லை. ரா கோப்பில் மிக வெளிச்சமான பகுதிகளுக்கான ஹைலைட்ஸைக் குறைத்தாலே மறைந்திருந்த மேகங்கள் பல நேரங்களில் திரும்பி வந்துவிடும். ஒரு நிமிடச் சோதனையில் தெரிந்துவிடக்கூடிய இதைச் செய்யாமலே புது வானம் தேடக் கிளம்புகிறார்கள். செய்திக்காகவோ ஆவணத்துக்காகவோ எடுத்த படத்தில் வானத்தை மாற்றவே கூடாது. செய்திப்படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியின் விதிகள் படத்தில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடைசெய்கின்றன; இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். மற்றப் போட்டிகளுக்கு அனுப்புவதற்கு முன்னும் விதிகளைப் படித்துப் பார்த்து, மாற்றிய படத்தோடு மூலக் கோப்பையும் தனியே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.