பழைய ஹெட் நட்டைத் திரும்பப் போடுமுன்

உப்புவெளிப் பக்கம் கடலோரம் நிற்கிற மோட்டார் சைக்கிள் என்றால் எஞ்சினின் மேல்மூடியை (ஹெட்) இறுக்கிப் பிடிக்கும் ஹெட் நட்டிலேயே தெரிந்துவிடும்: மேலே வெள்ளைப் பூப்பு, இடுக்கில் செந்துரு. எஞ்சின் திறக்கும்போது பிஸ்டனுக்கும் ரிங்ஸுக்கும் காசு ஒதுக்குகிறோம், நட்டையும், அது ஏறும் தலையில்லாத புரிக்கம்பியான ஸ்டட்டையும் பழந்துணியால் துடைத்துப் போட்டுவிடுகிறோம். 100, 125 சிசி எஞ்சின்களில் பெரும்பாலும் அவற்றைத் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் துடைத்தால் மட்டும் போதாது.

கழற்றுதல்: எஞ்சின் முழுதாக ஆறட்டும். பக்கவாட்டிலுள்ள சின்ன 6 மில்லிமீற்றர் போல்டுகள் முதலில். அப்புறம் நான்கு நட்டையும் மூலைக்கு மூலை, தடவைக்குக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அசையாத நட்டுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுங்கள்.

கழற்றியதை ஒரு மட்டையில் நான்கு துளை போட்டு, இருந்த இடப்படியே குத்தி வையுங்கள். சில எஞ்சின்களில் ஒரு ஸ்டட்டைச் சுற்றித்தான் ஒயில் மேலே ஏறும். அதற்கு மட்டும் செப்பு வாசர், மூடி நட் (மேற்புறம் அடைத்த நட்). இடம் மாறினால் ஒயில் கசியும். செப்பு வாசரும் கஸ்கெட்டும் எப்போதும் புதிதாகவே போடுங்கள்.

சுத்தம் செய்தல்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நாம் முறுக்கும் விசையில் ஏறக்குறைய 90 வீதம் உராய்வுக்கே போய்விடும், ஹெட்டை அழுத்துவது மிச்சம்தான். புரியில் துரு இருந்தால் குறித்த முறுக்கு வந்துவிட்டதென்று டோர்க் ரென்ச் ‘டிக்’ என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேயுங்கள். நட் விரலாலேயே கடைசிவரை ஓட வேண்டும்.

சோதித்தல்: இரண்டு ஸ்டட்டுகளின் புரியை ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எங்காவது பற்கள் விலகி ஒளி தெரிந்தால் ஸ்டட் இழுபட்டுவிட்டது, மாற்றுங்கள். நடுவில் நட் இறுகி நின்றாலும் அப்படித்தான்.

மூடி நட்டில் ஒரு பொறி உண்டு. ஸ்டட் அளவுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நட்டின் உச்சியில் முட்டிவிடும். இறுகியது போல் இருக்கும், வாசர் சுற்றும். நட்டின் உள் ஆழத்தையும் வாசருக்கு மேல் நீளும் ஸ்டட்டையும் அளந்து பாருங்கள்.

பூட்டுதல்: ஸ்டட் இறங்கும் எஞ்சின் கூட்டின் துளைக்குள் ஒயில் தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுங்கள், இல்லாவிட்டால் கூடே பிளந்துவிடலாம். மனுவல் சொன்னால் மட்டும் புரிக்கு எஞ்சின் ஒயில் பூசுங்கள். ஒயில் பூசிய புரியில் அதே அளவு முறுக்கினால் இறுக்கம் கூடிவிடும். மனுவலில் முறுக்கு அளவு 20 நியூட்டன் மீற்றர் என்று இருந்தால் 8, 14, 20 என மூன்று சுற்றில், மூலைக்கு மூலை.

சின்ன போல்டுகள் கடைசி. அவற்றுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான் இருக்கும். முதல் தடவை நான் நீளக் கைப்பிடி ரென்சாலேயே இதையும் முறுக்கினேன். போல்டோடு அலுமினியப் புரி வெள்ளிச் சுருளாய்க் கழன்று வந்தது. சரி, லேத் கடைக்குத்தான் கொண்டுபோனேன்.