துப்பாக்கி உரிமம் உள்ளவர் வாக்குச்சாவடி வேலைக்குப் போகும்போது: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமம் கையில் இருக்கிறது, கடைக்கும் பூங்காவுக்கும் கைத்துப்பாக்கியோடு போய்வருகிறோம், வாக்குச்சாவடிக்கு மட்டும் என்ன தடை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. இதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஒரே ஊரில் கட்டடத்துக்குக் கட்டடமும் மாறும்.

டெக்சஸில் 2021 முதல் உரிமமே இல்லாமல்கூடப் பெரும்பாலோர் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் வாக்குச்சாவடிக் கட்டடத்துக்குள் அதைக் கொண்டுபோவது மூன்றாம் நிலைக் கடுங்குற்றம். 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். அப்படித் தண்டனை பெற்றவர் அதன்பின் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேர்தல் நாளன்று மட்டும்தான் தடை என்று எண்ணுவோர் உண்டு. முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும் நாள்களுக்கும் அதே தடைதான்.

டெக்சஸில் சாவடித் தலைவர் வைத்திருக்கலாமாமே என்று சிலர் கேட்பார்கள். உரிமம் பெற்ற தலைவருக்குச் சாதகமாக அந்த மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2018இல் ஒரு கருத்துரை தந்தார். அது கருத்துரைதான், தீர்ப்பல்ல. அதில் பேசப்பட்டதும் தலைவரைப் பற்றித்தான். மேசையில் பெயர் சரிபார்க்கும் சாதாரண ஊழியர் அதை நம்பி இறங்கக் கூடாது. இத்தகைய விதிகள் சட்டமன்றக் கூட்டத்தொடர் ஒவ்வொன்றிலும் மாறக்கூடியவை என்பதால், போன தேர்தலில் கேட்டுத் தெரிந்துகொண்டதை இந்தத் தேர்தலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூரக் கணக்கில் தவறுவது இன்னும் சுலபம். டெக்சஸில் தடை கட்டடத்துக்குள்தான். வாகன நிறுத்துமிடமும் நடைபாதையும் அதில் சேராது. ஜார்ஜியாவிலோ சாவடியிலிருந்து 150 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விலக்கு காவல்துறையினருக்கும் தகுதிச் சான்று பெற்ற பாதுகாவலர்களுக்கும்தான், சாவடி ஊழியருக்கு இல்லை. 150 அடி என்பது ஏறத்தாழ 46 மீட்டர். சிறிய தேவாலயத்திலோ சமூகக் கூடத்திலோ சாவடி இருந்தால், ஊழியர்கள் கார் நிறுத்தும் இடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

வர்ஜீனியாவில் தூரம் 40 அடிதான், ஆனால் நேரம்தான் மாட்டிவிடும். சாவடி இயங்கும் நேரத்தோடு அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் தடை உண்டு. காலை 6 மணிக்குக் கதவு திறக்கும். ஊழியர்கள் மேசை போட்டு, இயந்திரத்தை இயக்கி, முத்திரைகளைச் சரிபார்ப்பது 5 மணியிலிருந்து. வாக்காளர் ஒருவர்கூட வராத இருட்டில், இன்னும் தொடங்கவில்லையே என்று இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாலும் குற்றம்தான்.

பென்சில்வேனியாவில் வாக்குச்சாவடிக்கென்று தனித் தடை இல்லை என்பது உண்மை. அதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் கட்டடம் எது என்று பார்ப்பதில்லை. பல சாவடிகள் பள்ளிகளில்தான் இருக்கின்றன, பள்ளியில் ஆயுதத்துக்கு மாநிலச் சட்டமே தடை போடுகிறது. போதாததற்குக் கூட்டாட்சிச் சட்டம் பள்ளியைச் சுற்றி 1,000 அடியைத் தடைப்பகுதியாக வைத்திருக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமம் இருந்தால்தான் அதில் விலக்கு. வேறு மாநில உரிமத்தை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டாலும் இந்த விலக்கு அதற்குக் கிடைக்காது. உரிமமின்றி வைத்திருக்கும் அனுமதிக்கும் இதே கதிதான். தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில் கொண்டுபோவது மட்டும் இந்தக் கூட்டாட்சித் தடையில் சேராது.

எங்கும் தடை இல்லை என்றே வையுங்கள். வேலை எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டும். 14, 15 மணி நேரம். குனிந்து மேசை தூக்குவது, தரையில் உட்கார்ந்து மின்கம்பி இணைப்பது, காரிலிருந்தே வாக்களிப்பவரிடம் ஓடுவது. கை உயர்த்தி அறிவிப்புத்தாள் ஒட்டும்போது சட்டை மேலேறும், இடுப்பு உறையின் பிடி வெளியே தெரியும். இதைவிட மோசம் கழிப்பறை. பெல்ட்டைத் தளர்த்தும்போது எடுத்து ஓரமாக வைத்த துப்பாக்கியை அங்கேயே மறந்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிற விபத்து. அதே கழிப்பறைக்கு அன்று குழந்தைகளும் வருவார்கள்.

கண்டுகொண்ட வாக்காளர் மிரண்டு திரும்பிப் போனால் விஷயம் வேறு திசைக்குப் போகும். வாக்காளரை மிரட்டுவது 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டது. குற்றவியல் சட்டத்தில் ஓராண்டு வரை சிறையும் உண்டு. நீங்கள் மிரட்ட நினைக்காமல் இருக்கலாம். ஆனால் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கும் கையும் துப்பாக்கி வைத்திருக்கும் இடுப்பும் ஒருவருடையதாக இருக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரில் விட்டுவிடலாம் என்பதும் நல்ல வழியல்ல. நாள் முழுக்க ஆளில்லாமல் நிற்கும் கார் அது. கையுறைப் பெட்டி பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. இரவில் வாக்குச்சீட்டுப் பையோடு அதே காரில் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்துக்குப் போக நேரலாம். பல ஊர்களில் அது நீதிமன்றக் கட்டடத்திலேயே இருக்கும், அங்கே தடை தனி. வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வருவதே சரி.

சந்தேகம் இருந்தால் துப்பாக்கிக் கடைக்காரரிடமோ யூடியூபிலோ கேட்காதீர்கள். கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: எனக்கு ஒதுக்கிய கட்டடத்தில் தடை உண்டா, ஊழியர் வாகன நிறுத்துமிடம் அதில் சேருமா, இரவில் பொருள்களை ஒப்படைக்கும் இடத்தில் என்ன விதி. பயிற்சியில் கையெழுத்திடும் நடத்தை விதிகளையும் படியுங்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கவுன்டி தடுத்திருந்தால் வேலை போய்விடும்.

பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம் என்பவர்களின் பயம் நியாயமானது. 2020க்குப் பின் தேர்தல் ஊழியர்களுக்கு வந்த மிரட்டல்கள் கொஞ்சமல்ல. அதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை இருக்கின்றன: இரண்டாவது வெளிவாசல் எங்கே, காவல் ரோந்து எப்போது வரும், யாரை முதலில் அழைப்பது. ஆபத்தென்றால் அவசர உதவி எண் 911, பிறகு தேர்தல் அலுவலகம். பென்சில்வேனியாவில் அழைக்காதவரை காவலர்கள் 100 அடி தள்ளியே நிற்க வேண்டும் என்பதால், வாசலில் போலீஸ் இல்லையே என்று பதறாமல் அழையுங்கள்.

துப்பாக்கியைப் பையில் மறந்துபோய்க் கொண்டுவந்துவிட்டது சாவடிக்குள் வந்தபிறகு தெரிந்தால், வெளியே எடுக்காதீர்கள், சக ஊழியரிடம் கொடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். பையோடு உடனே வெளியேறி, வீட்டுக்குப் போகும் வழியில் தலைவரை அழைத்து, உங்கள் இடத்தில் மாற்று ஆளை உட்காரவைக்கச் சொல்லுங்கள்.